பாதையில் ஏறாத நாய்

கண்பார்வையற்றவரை வழிநடத்தும் நாயைப் பாதையில் ஏற்றலாம் என்பது விதி. அத்தாட்சி வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்வது கடலோர வாவியைக் கடக்கும் மிதவையை. அறுபதுகளில் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து அதில்தான் அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

என்னோடு பார்வையிழந்த ஒருவரும் வருவார். முன்பு வயல் வட்டையில் எருமை பூட்டி உழுதவர். கண் போனபின் அக்கரைக் கந்தோர்களில் கதிரைகளுக்குப் பிரம்பு இருக்கை பின்னிப் பிழைத்தார். அவரைக் கூட்டிப்போவது ஒரு செவலை நாய். இடத்தை, வலத்தை என்று உழவில் மாட்டைத் திருப்பச் சொல்லும் சொற்களாலேயே அதைப் பழக்கியிருந்தார். பள்ளம் வந்தால் குறுக்கே நின்றுவிடும்.

புதிதாக வந்த பாதைக்காரன் அத்தாட்சி கேட்டான்.

"மாட்டுப் பேச்சுக்கு நடக்கிறது மாடுதான் அண்ணன். நாயெண்டு எப்பிடி ஏத்துற?"

"அப்ப நீ பொம்புளையா கா? வீட்ட மனிசிர சொல்லுக்குத்தானே நடக்காய்!" என்றார் அவர்.

பாதையே சிரித்தது. நாய் மட்டும் ஏறவில்லை.

அன்றுமுதல் அது பின்னால் நீந்தி வந்தது. அவர் பின்விளிம்பில், அதன் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்து, "வருதா?" என்று கேட்பார். "வருது" என்போம்.

நான் மேலிடத்துக்கு எழுதினேன். நாய் எந்த நிறுவனத்தில் பயிற்சி பெற்றது என்று கேட்டார்கள். இலங்கையில் அப்படியொரு நிறுவனமே இல்லை என்று பணிவுடன் அறியத்தந்தேன். அதன்பின் கோப்பு ஓய்வெடுத்தது.

மார்கழி வெள்ளத்தில் வயல்கள் மூழ்கவே, ஊரார் கூடி முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். வாவி கடலை நோக்கி இழுத்தது. அன்றைக்கும் அவர் வந்தார். நடுவாவியில், "வருதா?" என்றார்.

"வருது. ஆனா இழுபடுது."

பாதை தன் இடக்கைப் பக்கம் ஒதுங்குவதை அவர் உடம்பாலேயே அறிந்து, நாயை எதிர்ப்பக்கம் திருப்ப, "வலத்தை! வலத்தை!" என்று கத்தினார். வாழ்நாளெல்லாம் எருமைக்குப் பின்னால் நடந்தவர். அவருடைய வலமும் எருமையின் வலமும் எப்போதும் ஒன்றுதான். நாயோ அவரைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தது. அது சொன்னபடியே தன் வலத்துக்குத் திரும்பியது. அந்தப் பக்கம்தான் கடல்.

"வருதா?"

பாதைக்காரன் பின்விளிம்புக்கு ஓடிவந்து பார்த்தான்; தண்ணீர் மட்டும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் அவர் துறைக்கு வரவேயில்லை. எங்கள் கந்தோரில் பாதி பின்னிய கதிரை ஒன்று அப்படியே கிடந்தது.

மேற்படி நாயைப் பாதையில் ஏற்றத் தடையில்லை என்ற பதில், தைப்பொங்கலுக்கு முதல்நாள் வந்தது.