ஒரே கவட்டையில் இரண்டு கயிறுகள்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அவரை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். அவர் மரத்தின் மேல் இருப்பார். நீங்கள் கீழே நின்று பேசுவீர்கள். வீட்டில் நான் அவரை நைனா என்றுதான் அழைப்பேன். அச்சில் வருவதால் அப்பா என்று எழுதுகிறேன். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வதோடு, மூன்று ஆண்டுகளாக நம் உறவினர்களிடையே தவறாகப் பேசப்படும் ஒரு செய்தியைத் திருத்தவும் இதை எழுதுகிறேன். அப்பா மரத்திலிருந்து விழுந்ததற்கு என் தாய்மாமா காரணம் அல்ல.

அப்பா வெள்ளானூரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா பள்ளிக்குப் போகவில்லை. பதினாறு வயதில் அம்பத்தூருக்கு வந்து ஒரு பட்டறையில் மூட்டை தூக்கினார். பட்டறைக் கூரையின் மேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையை வெட்ட ஆள் கிடைக்காத ஒரு நாள், அவரே ஏறினார். அடுத்த வாரம் பக்கத்துப் பட்டறையில் கூப்பிட்டார்கள். அதன் பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை.

மரம் வெட்டுகிறவர் என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. வெட்டியதை விட வெட்ட வேண்டாம் என்று சொன்னதே அதிகம். வீட்டுக்காரர்கள் மரத்தையே எடுத்துவிடச் சொல்வார்கள். அவர் அடிமரத்தை அரிவாளின் பின்புறத்தால் தட்டிப் பார்ப்பார். உள்ளே பொந்து விழாமல் கெட்டியாக இருந்தால், "நாலு கொம்ப கழிச்சா போதும் சார், மரம் இன்னா பாவம் பண்ணிச்சி?" என்பார். எடுத்தே ஆக வேண்டிய மரம் என்றால் அனுமதி வாங்காமல் கை வைக்க மாட்டார். அந்த மனுக்களை ஏழாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதினேன். நான் வாசித்துக் காட்டிய பிறகு, "மரத்தோட பேரு கரெக்டா கீதுல்ல?" என்று மட்டும் கேட்பார்.

வேலையில் தொல்லைகள் பல. சிவப்பு எறும்பு முழுக்கைச் சட்டைக்குள்ளும் புகுந்துவிடும். கேபிள் கம்பி அறுந்தால் தெருவே சண்டைக்கு வரும். பக்கத்து வீட்டுக்குள் ஒரு இலை விழுந்தாலும் அதைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். கழித்த தழையைக் கொட்டும் இடம் தேடி வண்டியோடு பாதி நாள் அலைய வேண்டும். மின்கம்பி அருகே வேலை என்றால், லைன் நிறுத்தியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். அந்த வீட்டு மின்விசிறியைப் போடச் சொல்லி, அது சுற்றவில்லை என்பதை வாசலில் நின்று தானே பார்த்த பிறகுதான் ஏறுவார்.

அவரிடம் இரண்டு கயிறுகள் இருந்தன. ஒன்று ஆள் கயிறு; அது இடுப்பிலிருந்து போய், கிளை பிரியும் ஒரு கவட்டையில் கட்டப்படும். மற்றது கிளைக் கயிறு. வெட்டப் போகும் கிளையில் அதன் ஒரு முனையைக் கட்டி, வேறொரு கவட்டையின் மேலாகப் போட்டு, மறு முனையைக் கீழே விடுவார். கீழே நிற்பவர் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வெட்டிய கிளையை மெல்ல இறக்குவார். பதினெட்டு ஆண்டுகள் அப்படிப் பிடித்தவர் என் மாமா. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கிளையின் எடை முழுவதும் கவட்டையின் மேல் விழும். அதனால் இரண்டு கயிறுகளையும் ஒரே கவட்டையில் போடக் கூடாது. வேலை பழக வரும் எல்லோரிடமும் அப்பா இதைச் சொல்வார். "ரெண்டையும் ஒரே கவட்டையில போட்றவன், பொண்டாட்டிக்கு வேற மாப்ள பாக்குறான்னு அர்த்தம்." அம்மா உள்ளே இருந்து, "பாக்கறதுதான் பாக்குற, மரம் ஏறாதவனா பாரு" என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மேனாம்பேட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் தொங்கிய கிளையை மழைக்கு முன் எடுக்க வேண்டும். மேகம் கூடிவிட்டது. இன்னொரு நல்ல கவட்டை மரத்தின் மறுபக்கம் இருந்தது. இறங்கி ஏறிக் கட்ட அரை மணி நேரம் ஆகும். அப்பா இரண்டு கயிறுகளையும் ஒரே கவட்டையில் போட்டார். கீழே இருந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், இன்னா பண்றே?" என்று கத்தினார். "புடிடா, பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

கிளை அறுந்து கயிற்றில் தொங்கியதும் கவட்டை பிளந்தது. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால், கவட்டை முழுதாகப் பிய்ந்து அப்பாவோடு நாற்பது அடி கீழே வந்திருக்கும். மாமா கயிற்றை விட்டார். கிளை விழுந்து சுற்றுச்சுவர் உடைந்தது. சுமை போனதால் பாதி பிளந்த கவட்டை சற்று நேரம் தாங்கியது. அப்பா ஆள் கயிற்றில் ஊசலாடி, அடிமரத்தில் மோதி, சரிந்து கீழே வந்த பிறகுதான் அது பிய்ந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கண்டது கீழே கிடந்த அப்பாவையும் மாமாவின் வெறுங்கையையும்தான். மருத்துவமனையில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எல்லோர் முன்னிலும், "ஒரு கயித்த புடிக்கத் துப்பில்ல, உனக்கு எதுக்குய்யா கையி?" என்று கேட்டார். மாமா எழுந்து வெளியே போனார். அப்பா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு மாமாவை யாரும் கயிறு பிடிக்கக் கூப்பிடவில்லை. ஒரு குடியிருப்பில் காவலாளி வேலைக்குப் போனார். நம் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தினார்.

அப்பா இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தார். சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு நெஞ்சு வலி வந்தது. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பவே சொல்லி இருக்கலாமே நைனா?"

"ஊருக்கே பாடம் எடுத்தவன் நானு. நானே ரெண்டையும் ஒண்ணா கட்டிக்கினேன்னா சிரிக்க மாட்டாங்க? உங்க மாமன் சொல்லுவான், இன்னிக்கி சொல்லுவான், நாளைக்கி சொல்லுவான்னு பாத்துக்கினே இருந்தேன். அவன் வாயத் தொறக்கல."

அப்பாவின் நேர்மையைப் பலரும் பாராட்டுவீர்கள். அதில் இந்த இரண்டு ஆண்டுகள் சேராது. இதை அவரே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நான் போய் மாமாவை அழைத்து வந்தேன். அவர் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மச்சான், இப்டி எளச்சிட்டே? இந்த ஒடம்புக்கு அன்னிக்கி கவட்டை தாங்கி இருக்கும்" என்றார். அப்பா இருமும் வரை சிரித்தார். உறவினர்களைக் கூட்டி உண்மையைச் சொல்லப் போவதாக அப்பா சொன்னபோது, மாமா வேண்டாம் என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "நான் சொல்றதுக்குள்ள போய்ட்டேன்னா, நீ எழுதும்மா. நீ எழுதினா நிக்கும்" என்றார். உறவினர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவர் போய்விட்டார். பதினாறாம் நாளன்று மாமா தெரு முனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பியது சிலருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். நான் எழுதி அச்சேறும் முதல் கட்டுரை இது; இதை எழுதத் துணிய எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தையிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் மேனாம்பேட்டு விஷயத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "மாமா மாமான்னே எழுதிக்கீறியே, எந்த மாமான்னு யாருக்குத் தெரியும்? பேரப் போடு" என்றார்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய மேனாம்பேட்டு ஆட்டோ ஓட்டுநருக்கும், உடைந்த சுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காத அந்த வீட்டுக்காரருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், இறுதிச் சடங்கில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினெட்டு ஆண்டுகள் அப்பாவின் கயிற்றைப் பிடித்து, விட வேண்டிய நேரத்தில் விட்டு, எங்களுக்கு அப்பாவை இன்னும் இரண்டு ஆண்டுகள் தந்தவருக்கும் நன்றி. அவர் பெயர் மு. ஏழுமலை. கள்ளிக்குப்பத்தில் இருக்கிறார். இன்று பந்தியில் அத்தைக்குப் பக்கத்து இலை அவருடையது.