நசீர் பாயின் மோனோ பட்டன்

நசீர் பாய் போய்விட்டார்.

செங்கல்பட்டு பஜாரில் ஆடியோ கடை வைத்திருந்தாரே, அவர்தான். இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று கோவளத்தில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து மருமகன் போன் செய்தார்.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் போய்விட்டு இப்போதுதான் படாளம் திரும்பினோம். உட்கார்ந்ததும் எழுதுகிறேன்.

முதன்முதலில் அவர் கடைக்குள் நான் நுழைந்தது போன வருடம். கையில் ஒரு முழு பேப்பர் நிறைய குறிப்பு. வாட்ஸ், டிஸ்டார்ஷன், அது இது... முப்பது வருடம் ஃபிசிக்ஸ் நடத்தியவன், சும்மா போவேனா?

பழைய ஸ்டீரியோ செட்டை மாற்ற வேண்டும், ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றேன். காரணம் ஸ்டெல்லா. கொஞ்ச நாளாக எந்தப் பாட்டு போட்டாலும் "பாட்டு பாதிதான் வருது" என்று எழுந்து போய்விடுவாள்.

செட் கெட்டுப்போச்சு என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றிருந்தார். பத்துக்குப் பத்து ரூமுக்கு இருநூறு வாட்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் அவரிடம், "அண்ணாத்த, அந்த ரூம்ல நீ இருக்கணுமா, இல்ல சவுண்டு மட்டும் இருந்தா போதுமா?" என்றார். அந்தத் தம்பியே சிரித்துவிட்டார்.

என் பேப்பரைப் படித்துப் பார்த்தார். நிஜமாகவே முழுசாகப் படித்தார். பிறகு மடித்து என் பாக்கெட்டிலேயே வைத்தார்.

"சார், இதெல்லாம் பெட்டியப் பத்தி. கேக்கப் போறது யாரு?"

போனில் இருக்கும் பாட்டுத்தானே ப்ளூடூத்தில் வரும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன உதாரணம் என் வகுப்பில் கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

"ப்ளூடூத் வேற சார். இதுல பாட்டு போன்ல கீதுன்னு நெனைக்காதீங்க. நெம்மேலில கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கி பைப்ல மெட்ராஸ் அனுப்புறாங்கல்ல? அந்த மாதிரி பாட்டு வைஃபைல நேரா பெட்டிக்கு வந்துடும். உங்க போனு வெறும் குழாய்த் திருகுதான்."

கடையில் வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்கச் சொல்ல மாட்டார். அது அவர் வழக்கம். "கடைல கேக்குறது கடையோட சவுண்டு. வூட்ல கேளுங்க" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளை பைக்கில் கட்டிக்கொண்டு படாளம் வந்துவிட்டார்.

நான் ஆசைப்பட்டது முன்பக்கம் முழுக்க உலோகம் போட்ட பெரிய பெட்டி. அதைத்தான் முதலில் மாட்டினார். ஸ்டெல்லாவை ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார வைத்து ஒரு பாட்டு போட்டார்.

"எப்பிடிக்கா கீது?"

"பாதிதான் பாய் வருது. வயலின் எங்கியோ தூரத்துல கேக்குது."

புது ஆம்ப்ளிஃபையரிலுமா! எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் என்னை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பினார்.

நான் போன பிறகு, அவளிடம் சொல்லாமல் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம் மாற்றியிருக்கிறார். டீயோடு திரும்பி வரும்போது ஸ்டெல்லா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இப்ப வயலின் நல்லா வருது. தபலாதான் மங்கிப்போச்சு."

பாய் பாட்டை நிறுத்தினார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இடது காது எத்தினி நாளாக்கா?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா... இவர்கிட்ட சொல்லிடாதீங்க பாய்."

"சார் உன் லெஃப்ட்லதான் நிக்கிறாருக்கா. டீ ஆறுது."

திரும்பிப் பார்த்தாள். நான் வந்தது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

முட்டி வலி என்று சொல்லி அவள் சர்ச் கொயரை விட்டதும் இதனால்தான். பக்கத்தில் பாடுகிறவர்களின் குரல் கேட்கவில்லை, தான் சுருதி விலகிவிடுவோம் என்று பயம். இதே வீட்டில்தான் நானும் இருந்தேன். பாதி என்று அவள் சொன்னபோதெல்லாம் வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பாய் ஒரு அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். "தண்ணி குடுக்கும்போது மூஞ்சத் திருப்பி ரைட் காதக் காட்டுனாங்க சார். நான் சவுண்டு யாவாரி, காதப் பாக்காம இன்னாத்தப் பாக்குறது?"

நான் ஆசைப்பட்ட பெட்டியை அவர் எனக்கு விற்கவே இல்லை.

இன்னொன்றை மாட்டினார். சின்னது, பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அதில் மோனோ பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் இரண்டு பக்கத்துப் பாட்டும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் முழுசாக வரும். எந்தக் காது கேட்டாலும் எல்லாமே கேட்கும்.

"மோனோவா... ட்ரான்சிஸ்டர் காலத்துக்குப் போறமா?" என்றேன்.

"ஸ்டீரியோ உங்க பேப்பருக்கு சார். மோனோ அக்காவுக்கு. யாருக்கு வாங்குறீங்க?"

பட்டனை அமுக்கினார். ஸ்டெல்லா அந்தப் பாட்டு முடியும் வரை எழுந்திருக்கவில்லை. அடுத்ததையும் கேட்டாள்.

காது டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். அதைச் சொல்ல கடைக்குப் போனோம். பாய் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கொயர்ல நீ லெஃப்ட் ஓரமா நின்னுக்கக்கா. எல்லாரும் உனுக்கு ரைட்ல வந்துருவாங்க. இதுக்கு மெஷினே வேணாம்."

போன கிறிஸ்துமஸுக்கு இடது ஓரத்தில் நின்று பாடினாள். பாய் குடும்பத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இன்று கோவளத்தில் ஸ்டெல்லா அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ, "இவங்களா அந்த மோனோ அக்கா?" என்று கேட்டார்களாம். வீட்டில் பாய் இவளை அப்படித்தான் சொல்லுவாராம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"பாய் ஒரு தடவ கூட என்கிட்ட கத்திப் பேசினதில்லங்க" என்றாள்.

"ஆமா" என்றேன், மெதுவாகத்தான். கேட்டது.

போய்ட்டு வாங்க பாய்...