ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டிய கடிகாரம்

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் என்னைத் திருத்தணிக்கு அழைத்து வந்தார். அவருக்குப் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. குடித்தனம் திருத்தணியில். நடுவில் ரயில். அவர் சம்பளத்துக்குப் பட்டணத்தில் கிடைத்த அறையில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். அதோடு சண்டைக் காலம். குண்டு விழும் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. குண்டு விழப்போகிற ஊருக்கு ஆம்பிளைகள் மட்டும் தினம் விடியற்காலையில் போய் இருட்டின பிறகு வரலாம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

எங்களைப்போல் வருகிறவர்களுக்காகவே ஒரு வேர்க்கடலை வியாபாரி தன் கடலைக் கொல்லையில் பன்னிரண்டு வீடுகளை வரிசையாகக் கட்டியிருந்தார். வீட்டைக் காட்டும்போது அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"ஸ்டேஷன் அஞ்சு நிமிசம்ங்க. வண்டி ஊதனதுக்கப்பறம் கெளம்பனாகூட ஏறிக்கலாம். வாசல்ல நின்னா மலை தெரியுது, சாமி கும்புட எங்கியும் போவத் தேவல."

மலை தெரிந்தது உண்மைதான். ஸ்டேஷனுக்கு அரை மணி நடக்க வேண்டும். முதல் நாளே என் வீட்டுக்காரர் போய்க் கேட்டதற்கு, நீங்கள் மெதுவாக நடக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

வீடுகளுக்கு நடுவில் இருந்த சுவர் ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் போய், அதோடு நின்றுவிட்டது. ஓடு வரைக்கும் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. காற்று வரட்டும் என்றுதான் விட்டாராம். காற்று வந்ததோ இல்லையோ, பன்னிரண்டு வீட்டுப் பேச்சும் வந்தது. யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டு மாமியார் அழுகிறாள், யாருக்கு இருமல் என்பதெல்லாம் படுத்த இடத்திலேயே தெரியும். நான் ஊரில் வாசலுக்குக்கூட வராத பெண். இங்கே தும்மினால் நான்கு வீடு தள்ளியிருந்து யாரோ 'நூறு' என்று வாழ்த்தினார்கள். அதனால் தும்முவதையும் குறைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவரால் ஒரே ஒரு நன்மை. கடைசி வீட்டில் வீட்டுக்காரர், அதாவது அந்தக் கடலை வியாபாரி, குடியிருந்தார். அவரிடம் அவருடைய தகப்பனார் காலத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அது மணி அடித்தால் வரிசை முழுக்கக் கேட்கும். வேறு யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. மணி இலவசம் என்று அவரும் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

பிறகு சர்க்கார் ஒரு நாள் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொன்னது. சண்டைக்கு அது தேவையாம். ரயிலும் ஆபீசும் புது மணிக்கு மாறின. சூரியனும் எங்கள் வீட்டுக்காரரும் மாறவில்லை. சர்க்காருக்கு வேண்டுமானால் சர்க்கார் மாற்றிக்கொள்ளட்டும், என் நைனா வாங்கிய கடியாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நாங்கள் ஒன்று கூட்டிக்கொண்டோம். அது மூன்று அடித்தால் புது மணி நான்கு. நான் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவளுக்கு ஒன்று கூட்டுவது கஷ்டமில்லை. ஐந்துக்கு என் வீட்டுக்காரர் கேரியரோடு கிளம்புவார். ஐந்தே முக்காலுக்கு வண்டி. அவர் தெருமுனை தாண்டின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பால்காரி வருவாள். ஆறு மாசம் இப்படியே போயிற்று.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு இரண்டு தரம் தாமதமாகப் போய்விட்டார். பட்டாளத்துச் சாமான் வண்டிகள் போவதற்காக இவருடைய வண்டியை அரக்கோணத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள். மானேஜர் அதை நம்பவில்லை. அவர் ஆபீஸ் மாடியிலேயே குடியிருந்ததால் ரயில் தாமதமாகும் என்பது அவருக்குப் புதிய செய்தி. வண்டி தாமதமென்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுதின சீட்டு இல்லாமல் வண்டிமேல் பழி போடாதே, மூன்றாவது தரம் தாமதமானால் வரவே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரோ, வண்டிக்குரிய நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்றவனுக்குத்தான் சீட்டு எழுதுவேன் என்பவர். அந்த வேலை போனால் நாங்கள் மறுபடியும் ஊருக்குப் போய், மாமனார் வீட்டில் ஏழு பேரோடு இரண்டு பேராகச் சேர வேண்டும். அதற்கு இந்தச் சுவரே தேவலை என்றிருந்தது எனக்கு.

இந்தச் சமயத்தில் கடைசி வீட்டுக்காரர் ஏதோ பத்திர விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குத் தன் மணிப்படி போனார். அங்கே புது மணிப்படி எல்லாம் முடிந்து, பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். திரும்பி வந்தவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளினார். பிறகு வீடு வீடாக வந்து, இனிமேல் ஒன்று கூட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாட்டுக்காகச் செய்கிற தியாகம்போல் அதைச் சொன்னார்.

நாலு நாள் கடிகாரம் நான்கு அடித்ததும் நான் எழுந்தேன். கணக்கு இல்லாத வாழ்க்கை சுகமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சாயந்திரம் கடைசி வீட்டில் வீட்டுக்காரருக்கும் அவர் சம்சாரத்துக்கும் சண்டை. வரிசை முழுக்கச் சமையலை விட்டுவிட்டுக் கேட்டோம். கேட்காமலிருக்க வழியும் கிடையாது. வெள்ளிக்கிழமை அந்த அம்மாளின் மகளைப் பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிறார்கள். ராகு காலம் பத்தரை என்றால் எந்தப் பத்தரை என்பதுதான் வழக்கு.

"மணிய சர்க்காரு மாத்தும். ராகு காலத்த யாரு மாத்தறது? ராகு இன்னா சர்க்கார் உத்தியோகமா பாக்கறாரு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

எனக்கு இருட்டில் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸைச் சொன்னார். அந்த அம்மாள் போன தரம் வந்து வேண்டாமென்று போன மாப்பிள்ளையைச் சொன்னாள். எங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது. சண்டையைக் கேட்டோம், தீர்ப்பைக் கேட்கவில்லை.

மறுநாள் கடிகாரம் நான்கு அடித்தது. எழுந்து முகம் கழுவி அடுப்பில் விறகைச் செருகி ஊதிக்கொண்டிருந்தேன். வாசலில் பால் செம்பு சத்தம். பால்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னிக்கி ஐயா போவலியா? செருப்பு இங்கியே கீது."

இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தினம் வருகிற நேரத்துக்குத்தான் வந்தாளாம். எருமை மடி கனத்ததும் கத்தும், கறந்து நாலு தெருவுக்கு ஊற்றிவிட்டு ஒரு மணி கழித்து இங்கே வருவாள், அவளுக்குத் தெரிந்த மணி அதுதான். எருமை புது மணியையும் கேட்கவில்லை, பழைய மணியையும் கேட்கவில்லை.

அப்போதுதான் தீர்ப்பு எனக்கு விளங்கியது. கடைசி வீட்டில் அந்த அம்மாள் ஜெயித்துவிட்டாள். முள் பின்னால் போயிருக்கிறது. இப்போது புது மணி ஐந்து தாண்டிவிட்டது. வண்டிக்கு அரை மணிக்குமேல் கொஞ்சம்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினேன். அது சுலபம். ஆனால் வரிசையில் இன்னும் ஏழு பேர் அதே வண்டிக்குப் போகிறவர்கள், ஏழு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. சொல்லாமல் விட்டாலோ, சாயந்திரம் சுவருக்கு மேலே வரப்போகிற பேச்சைக் கேட்டு உயிரோடு இருக்க முடியாது. சுவர் பக்கம் போய் நின்று வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் தரம் வந்த சத்தம் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.

"கெடியாரம் பொய்! புது மணி அஞ்சாயிடிச்சி! எல்லாரும் எழுந்துக்கோங்க!"

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண்தான் முதலில் பேசினாள். என்னை அக்கா என்றும் என் வீட்டுக்காரரைப் பாவா என்றும் கூப்பிடுகிறவள்.

"அக்கா, நீயா கத்துன? பாவாக்கு இன்னா ஆச்சி?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடியாரத்துக்குத்தான் ஆகிவிட்டது என்றேன். அதன் பிறகு பன்னிரண்டு வீட்டிலும் பாத்திரம் உருண்டது. எட்டு ஆம்பிளைகள் குளிக்காமல், சாப்பிடாமல், சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைக் கொல்லை வழியாக ஓடினார்கள். ஒருவர் வேட்டியென்று மனைவியின் புடவையை எடுத்துக்கொண்டு நாலு வீடு தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். ஸ்டேஷன் ஐந்து நிமிஷம் என்று வீட்டுக்காரர் சொன்னதை அன்றைக்குத்தான் ஓரளவுக்கு நிரூபிக்கப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் இரவு வந்து சொன்ன பிறகுதான் மீதி எனக்குத் தெரியும். எட்டுப் பேரும் மூச்சிரைக்கப் பிளாட்பாரத்தில் ஏறியபோது சரியாக ஐந்தே முக்கால். வண்டி இல்லை. ரேணிகுண்டாவிலேயே நிறுத்திவிட்டார்களாம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதாவது, நான் கத்தாமல் இருந்திருந்தால் எல்லோரும் நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுப் போய் அதே வண்டியில் ஏறியிருப்பார்கள்.

ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியாக ஐந்தே முக்காலுக்கு எட்டுத் தலையையும் எண்ணியிருந்தார். எட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மூன்றாவது தரமாகத் தாமதமாகப் போய், மானேஜர் வாயைத் திறக்குமுன் சீட்டை மேஜைமேல் வைத்தாராம். மானேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பார் என்றாராம். ரயில் தாமதமாகும் என்று அவர் ஒருவழியாகத் தெரிந்துகொண்டார்.

அன்றிரவு சட்டையைக் கழற்றிக்கொண்டே என் வீட்டுக்காரர், உனக்கு இவ்வளவு பெரிய தொண்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றார். பாராட்டா, பயமா என்று முகத்தில் தெரியவில்லை. மெதுவாகப் பேசுங்கள், சுவர் என்றேன்.

கடைசி வீட்டுக்காரர் மறுநாள் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தோம். வாசலில் நின்று, "பாத்தீங்களா, ரயிலே எங்க நைனா கெடியாரத்துக்குத்தான் வந்திச்சி" என்றார். பெண் பார்க்க வந்தவர்களும் சம்மதித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முள்ளை யாரும் தொட முடியவில்லை.

வரிசை கடிகாரத்தை நம்புவதை விட்டுவிட்டது. விடியற்காலையில் சுவருக்கு மேலே, அக்கா, மணி என்ன ஆச்சி என்று ஏழு வீட்டிலிருந்து கேட்பார்கள். வாசலுக்கு வராத நான் வீட்டுக்குள்ளிருந்தே தினம் பதில் சொன்னேன். சண்டை முடிந்து சர்க்கார் பழைய மணிக்கே திரும்பின பிறகும் கேட்டார்கள். மணி சொல்வதற்காக எங்கள் வாடகையை யாரும் குறைக்கவில்லை. எனக்கு எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை. நானும் சொல்லவில்லை. நான் தினம் எழுந்து கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, பால்காரி வீட்டுப் பக்கம் எருமை கத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.