அரக்கும் மாதுளையும்

நிறம் என்று வந்துவிட்டால் பிரேம்நாத்திடம் சமாதானம் பேச முடியாது. ஒருமுறை, சாயம் ஒரு பொட்டு தூக்கலாக இருக்கிறதென்று பாவு நூலைச் சாயக்காரரிடம் திருப்பித் திருப்பி அனுப்பினார். ஒருவழியாக அது அவர் மனதுக்கு ஒத்து வந்தபோது, அந்தச் சேலைக்காகக் காத்திருந்த மணப்பெண் வேறு சேலையில் தாலி கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். பிரேம்நாத் நல்ல நெசவாளர் என்று காஞ்சிபுரத்தில் சொல்வார்கள். அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வாரம் முழுவதும் தறியில் தனியாக உட்காருகிறவர். கைபேசியில் பழகிய போக்கர் சீட்டாட்டத்தை நாலு பேரோடு மேசை போட்டு ஆட வேண்டும், அது மாதாமாதம் நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பங்குனித் திருவிழா நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை வீட்டுக்கு அழைத்தார். மனைவி ஜெயப்ரியா இரண்டு நிபந்தனை வைத்தாள். பணம் வைத்து ஆடக் கூடாது. சாயங்காலம் சுவாமி தெருவுக்கு வருமுன் கூடம் காலியாக வேண்டும்.

"நான் சாமிக்குத் தட்டு எடுக்கும்போது சீட்டுக்கட்டு கண்ல பட்டுச்சுன்னா அதோட சரி. இந்த வூட்ல மறுபடி மேஜை போட முடியாது."

ஆட்டத்தை முடிக்க வழி இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இருவர் தங்கள் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாகக் கொஞ்சம் பந்தயம் வைத்தாக வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர். அதை அரை மணிக்கொரு தடவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவர் காத்திருந்தே கரைந்துவிடுவார். முடிவு தானாக வராது, அதை முதலிலேயே உள்ளே வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பது பிரேம்நாத்துக்குப் புரிந்திருந்தது. இந்த அளவுக்கு அவரைப் பாராட்டலாம்.

ஆனால் வைத்து ஆடும் வில்லைகளைக் கடையில் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. பழைய டிசைன் அட்டைகளை வட்டமாக வெட்டி, மிஞ்சிய பட்டுத் துண்டுகளை இருபுறமும் ஒட்டினார். எல்லாம் முகூர்த்தச் சேலையில் மிஞ்சியவை. ஆகவே குங்குமம் இருபத்தைந்து, மாதுளை நூறு, அரக்கு ஐந்நூறு.

"இன்னா பிரேம், எல்லாம் ஒரே செவப்பா இருக்குது?" என்றார் பாண்டியன். தாமல் பக்கம் டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவர்.

"ஒரே செவப்பா? இது மாதுளைபா. இது அரக்கு. கண்ணு தெரியலயா?"

"எனக்கு ரெண்டுமே மொளகாதான்பா."

சந்தேகம் வரும்போதெல்லாம் பிரேம்நாத் வில்லையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் திருப்பிக் காட்டினார். நெசவாளருக்கு நிறம் பார்க்கும் இடம் வாசல்தான். "நீ வாசலுக்குப் போய் வர்றதுக்குள்ள நான் காபி குடிச்சிட்டு வந்துடுவேன்" என்ற ஜரிகைக்கடை சிவராஜ், சொன்னபடியே குடித்துவிட்டும் வந்தார். பிளைண்டை ஏற்றச் சொல்லிக் கைபேசி மணி அடித்தபோதெல்லாம் பிரேம்நாத் வாசலில் அரக்குக்கு வாதாடிக்கொண்டிருந்தார். பிளைண்ட் ஏறவில்லை. தகராறு மட்டும் ஏறியது. கடைசியில், வாயால் சொல்வது செல்லாது, மேசையில் விழுந்ததே கணக்கு என்று அவரே சட்டம் போட்டார்.

வெயில் இறங்கி டியூப்லைட் போட்டபோது மற்றவர்கள் தோற்று எழுந்திருந்தார்கள். மிச்சம் பிரேம்நாத்தும் பாண்டியனும். தெருமுனையில் மேளம் கேட்டது. ஜெயப்ரியா தேங்காய் பழத் தட்டோடு கதவருகே வந்து நின்றாள்.

"ரெண்டு நூறுபா" என்று பாண்டியன் இரண்டு வில்லைகளைப் போட்டார்.

இரண்டும் அரக்கு. ஆயிரம். பிரேம்நாத்திடம் மீதி இருந்ததே அவ்வளவுதான். கையில் ஓர் எட்டும் ஒரு மூன்றும், ஒன்றுக்கும் உதவாத சீட்டு. அதைக் கீழே போட்டு விலகினால் ஆட்டம் நீளும். நிறத்தைச் சொன்னாலும் நீளும். அவர் வாய் திறந்தது. மேளம் இன்னும் கிட்டத்தில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு, இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"இன்னாபா, எரநூறுக்கு இம்மாம் தள்றே?" என்றார் பாண்டியன், தன் இரண்டு ஒன்பதுகளைத் திருப்பியபடி.

"விழுந்தது விழுந்ததுதான். நீ ஜெயிச்சிட்டபா. தூக்கு, மேஜைய அந்தாண்ட தூக்கு!"

சுவாமி வீட்டு வாசலுக்கு வந்தபோது கூடம் துடைத்துவிட்டது போலிருந்தது. கற்பூரம் ஆனபின் ஜெயப்ரியா கணவன் நெற்றியில் திருநீறு இட்டாள்.

"அது அரக்குன்னு கதவாண்ட நின்ன எனக்கே தெரிஞ்சுது."

"எனக்குத் தெரியலமா. டியூப்லைட்டு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் நிறம் தெரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"அடுத்த மாசமாவது பச்ச, மஞ்ச, நீலம்னு ஒட்டுங்க. வர்றவங்க பாவம்."

பிரேம்நாத்தின் முகம் மலர்ந்தது.

"எந்தப் பச்ச?" என்று கேட்டார்.