முஹரக் பாலத்தில் தவறான வேன்

பஹ்ரைனில் விமான நிலையம் முஹரக் தீவில் இருக்கிறது. மனாமா நகருக்குப் போகப் பாலத்தைக் கடக்க வேண்டும். போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு முதல்முறையாக வந்திறங்கினேன். பேருந்து, டாக்ஸி இருந்தும் கம்பெனி வேனுக்காகக் காத்திருந்தேன். ஒரு வேன் ஓட்டுநர் கை நீட்டினார். கம்பெனி ஓட்டுநர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்தானே என்று அதைக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

பாலத்தின் இருபுறமும் பனி மூடிய கடல். வேன் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது.

பக்கத்திலிருந்த தஞ்சாவூர்க்காரர் கேட்டார்: "நீயும் கப்பல் பட்டறைக்கா தம்பி?"

"இல்லண்ணே, ஓட்டல் வேலைக்கு."

"அடப்பாவி, வண்டி மாறி ஏறிட்டியே! பாய், காடி ரோக்கோ!" என்று வண்டியை நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் இந்தியில் கத்தினார்.

பாஸ்போர்ட் வேறு கம்பெனிக்குப் போனால் வேலையே போய்விடும். நல்லவேளை, ஓட்டுநர் சிரித்துக்கொண்டே விமான நிலையத்துக்கே திருப்பி அழைத்துவந்து, பாஸ்போர்ட்டையும் கொடுத்தார். எங்கள் வேன் அப்போதுதான் வந்து நின்றது.

இப்போதெல்லாம் வண்டியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை விசாத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எந்த வேனிலும் ஏறுகிறேன். கடலை அப்புறம்தான் பார்க்கிறேன்.