ஐந்தாவது ஸ்டேஷன் பைகுல்லா

பிடிவாதத்துக்கு மாட்டுங்காவில் ஒரு பெயர் உண்டென்றால் அது சுப்புலக்ஷ்மி டீச்சர்தான். கண் தெரியாத ஆறுமுகத்தாயைத் தாராவியிலிருந்து கூட்டிவந்து ஹைஸ்கூலில் சேர்த்தபோது, "இது படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறது?" என்று ஸ்டாஃப் ரூமே சிரித்தது. டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாடங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டியே பதினோராம் வகுப்பைத் தாண்ட வைத்துவிட்டாள். அது அறுபத்துநாலாம் வருஷம்.

பாஸானால் போதுமா? பைகுல்லாவில் ஒரு கம்பெனி டெலிபோன் போர்டுக்கு ஆள் தேடியது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தனியாக வந்து சேர்ந்தால் வேலை. தினமும் துணைக்கு ஆள் வந்தால் சரிப்படாது என்றார் மானேஜர். அப்பா வெயிலுமுத்துவோ, இது கிடைக்காவிட்டால் ஊரில் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுக்கப் பேச்சை முடித்து வைத்திருந்தார். நல்ல அப்பா!

டீச்சருக்கு லீவு ஞாயிறு மட்டும்தான். எட்டு ஞாயிறு மாட்டுங்காவிலிருந்து ரயிலில் பழக்கினாள்.

"தாதர் ஒண்ணு, பரேல் ரெண்டு, அஞ்சாவது பைகுல்லா. எண்ணிண்டே வரணும். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

ஐந்தாவதில் டீச்சர் வாசலுக்கு நகரும்போதே பெண்ணும் எழுந்துவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

திங்கட்கிழமை மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அதே லேடீஸ் டப்பாவில் ஏறி மறுகோடியில் நின்றுகொண்டாள். தலையில் என்றைக்கும் இருக்கும் மல்லிகைச் சரத்தைக்கூட வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தாள். வாசனையில் கண்டுபிடித்துவிடுவாளே!

தாதர் வந்தது. பூக்கூடைக்காரி ஒருத்தி இறங்கினாள். அவள் பின்னாலேயே ஆறுமுகத்தாயும் இறங்கினாள்.

"அடி பாவி, இது ஒண்ணுதான்டி! ஏறுடி!"

அந்தச் சந்தடியில் யாருக்குக் கேட்கும்? ஏறிய கும்பல் டீச்சரை ஜன்னலோடு நசுக்கியது. வண்டி கிளம்பிவிட்டது. பரேலில் முட்டி மோதி இறங்கி, எதிர்வண்டிக்கு வெகுநேரம் காத்துக் கிடந்து தாதருக்கு ஓடிவந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. சர்டிபிகேட்டை மார்போடு அணைத்தபடி, இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தாள் ஆறுமுகத்தாய்.

"ஏண்டி இறங்கினே? எண்ணலையா?"

"டீச்சரா? பூ வாசம் வந்துச்சு டீச்சர். மனசு கேக்காம கூட வந்துட்டியன்னு நெனச்சேன். வாசம் எறங்கவும் நானும் எறங்கிட்டேன். பொறவு ஒங்களக் காணும்."

"ஞாயித்துக்கிழமையெல்லாம் எண்ணித்தானேடி இறங்கினே?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல டீச்சர். எண்ணுனா தப்பிருமோன்னு பயமா இருக்கும். ஒங்க பூ கூட வருதே, பொறவு என்னத்துக்கு எண்ணணும்னு விட்டுட்டேன்."

எட்டு ஞாயிறு! டீச்சரின் கை தானாகப் போய் வெறும் கொண்டையைத் தடவியது.

"பத்து ஆயிருக்காதுல்லா டீச்சர்? இப்ப போனாலும் சேத்துக்கிடுவாவல்லா?"

எதிரே ஸ்டேஷன் கடிகாரம் பத்தரை காட்டியது.