தவளக்குப்பம் பூஜ்யத்தைத் தொடவில்லை

ஒரு சார்ட் பேப்பர் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதில் பென்சிலால் மூன்று வட்டங்கள்: டவுன், அரியாங்குப்பம், தவளக்குப்பம். போட்டவள் நான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர், நானும் பாயும். ஒரே வயதுதான், எனக்கு ஓராண்டு முன்னால் சேர்ந்தவர் என்பதால் பொறுப்பு அவரிடம் இருந்தது. நான் தற்காலிகம். தவளக்குப்பம் கிளை திறந்து, அங்கிருந்து பரிசோதனை முடிவுகள் டவுனுக்கு ஒழுங்காக வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஊரில் எனக்கு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளைகளின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற ரவுட்டருக்காக ஒருவர் எழுதும் கட்டளைகளை மற்றவர் படித்துப் பார்த்த பிறகே ஏற்றுவோம். பாய் படிக்கிற அழகே தனி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கீரை ஆய்கிறவர் மாதிரி வரி வரியாகப் பொறுக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை இது என் வேலை, மூக்கை நுழைக்காதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒவ்வொரு ரவுட்டரும் வலையமைப்பின் வரைபடத்தை மனப்பாடமாக வைத்திருக்கும். எங்கோ ஒரு இணைப்பு அறுந்தால் எல்லாமே உட்கார்ந்து மறுபடி கணக்குப் போடும். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் பகுதி பகுதியாகப் பிரிப்பது. நடுவில் பூஜ்யப் பகுதி; எங்களுக்கு அது டவுன். மற்ற ஒவ்வொன்றும் எல்லையில் நிற்கும் ஒரு ரவுட்டர் மூலம் அதைத் தொட்டாக வேண்டும். இந்தப் பக்கச் சேதியை அந்தப் பக்கம் சொல்வது அந்த எல்லை ரவுட்டரின் வேலை. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் எனக்குக் கண்ணில் நின்றது நான் தினமும் வந்துபோகிற கடலூர் பஸ். டவுன், பாலம் தாண்டி அரியாங்குப்பம், அப்புறம் தவளக்குப்பம். பஸ் போகிற மாதிரியே கோத்துவிட்டேன். தவளக்குப்பத்தைத் தனிப் பகுதியாக்கி, அரியாங்குப்பம் பகுதியோடு மட்டும் இணைத்தேன்.

சோதித்துப் பார்த்தது அரியாங்குப்பத்தில் உட்கார்ந்து. அங்கிருந்து எல்லாம் ஜம்மென்று வேலை செய்தது. மறுநாள் காலை தவளக்குப்பத்தில் திறப்பு விழா. விளக்கேற்றியாயிற்று, முதல் ஆளிடம் ரத்தமும் எடுத்தாயிற்று. முடிவு மட்டும் டவுனுக்குப் போய்ச் சேரவில்லை. தவளக்குப்பம் என்று ஒரு ஊர் இருப்பதே டவுன் ரவுட்டருக்குத் தெரியவில்லை. அரியாங்குப்பம் ரவுட்டருக்குத் தெரியும்; ஆனால் பூஜ்யத்தைத் தொடுகிற எல்லை ரவுட்டர் டவுனில் இருந்தது, இது அல்ல என்பதால், தெரிந்ததை எல்லை தாண்டிச் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. டவுனில் இருந்த பாய்க்குப் போன் போட்டேன். அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"அழாதீங்கம்மா. அரியாங்குப்பம் வழியா, இல்லாத கம்பிய இருக்கற மாதிரி காட்டிடறேன்," என்றார். அப்படி ஒரு வழி உண்டு. நிரந்தரமல்ல, முட்டுக் கொடுப்பது. பெரிய டாக்டர் காபியை முடிப்பதற்குள் டவுனில் முடிவு அச்சாகிவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று கேட்டேன்.

"நேத்து சாயந்திரம் உங்க மேஜையில படத்தப் பார்த்தேன். அப்பவே எழுதி வெச்சிட்டேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்கதானே மூக்க நுழைக்காதீங்கன்னீங்க."

இப்படியும் ஒரு மனுஷனா என்று அவரோடு நான்கு நாள் பேசவில்லை. ஆனாலும் பெரிய டாக்டர் விசாரித்தபோது படம் என்னுடையது, தப்பும் என்னுடையது என்று சொன்னேன். அவர் "ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் எனக்கு மாப்பிள்ளையின் மீசை வரைக்கும் தெரிந்தது. பிறகு நானும் பாயும் சேர்ந்து உட்கார்ந்து, தவளக்குப்பத்தை அரியாங்குப்பத்தின் பகுதிக்குள்ளேயே சேர்த்து, முட்டுக் கொடுத்திருந்ததை எடுத்துவிட்டோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. அதோடு பாயின் பரிந்துரையும் இணைக்கப்பட்டிருந்தது. இவரை நம்பித் தனியாகப் பொறுப்பு கொடுக்கலாம் என்று ஒரே வரி. கீழே கையெழுத்து, தேதி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள். என் தப்பைப் பார்த்த அதே சாயந்திரம்.

இன்று என் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். அப்படி ஒரு கையெழுத்தை நான் யாருக்கும் இதுவரை போட்டதில்லை.